லைசென்ஸ் சஸ்பெண்டா? காரை நிறுத்துங்கள், பாலிசியை நிறுத்தாதீர்கள்

லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆகியிருக்கும்போது கார் இன்சூரன்ஸ் எடுக்க முடியுமா, இருக்கிற பாலிசியைப் புதுப்பிக்க முடியுமா? முடியும். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்விக்கு ஏஜென்ட் ஒன்று சொல்கிறார், மெக்கானிக் ஒன்று சொல்கிறார், ஆபீஸ் நண்பர் "அதெல்லாம் சிஸ்டமே எடுத்துக்காது பாஸ்" என்று இன்னொன்று சொல்கிறார். சிஸ்டம் நன்றாகவே எடுத்துக்கொள்ளும். பணம் கட்டினால் பாலிசி மெயிலுக்கு வந்துவிடும். அந்தப் பாலிசி எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இதையெல்லாம் நான் உட்கார்ந்து படிக்க வேண்டி வந்தது அக்கா வீட்டுக்காரரால். கோயம்புத்தூர்க்காரர், காரில் ஏறினால் போன் காதுக்குப் போய்விடும். அவிநாசி ரோட்டில் ஒருநாள் பிடித்தார்கள். அபராதம் ஆயிரம் ரூபாய், அதோடு முடிந்தது என்று நினைத்தார், ஆனால் கொஞ்ச நாளில் ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது, பிறகு மூன்று மாதம் சஸ்பெண்ட் என்று உத்தரவும் வந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது: அதிவேகம், சிகப்பு சிக்னலைத் தாண்டுவது, வண்டி ஓட்டும்போது போன், குடித்துவிட்டு ஓட்டுவது, சரக்கு வண்டியில் அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது, இவற்றில் எதில் மாட்டினாலும் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வை என்று. நம் ஊரில் பலருக்கு இது தெரிவதே நோட்டீஸ் கையில் வந்த பிறகுதான்.

அந்த மூன்று மாதத்துக்கு நடுவில் மாமாவின் கார் பாலிசி முடிகிறது. வழக்கமாகப் போட்டுக்கொடுக்கும் ஏஜென்ட் போனில் சொன்ன யோசனை: "வண்டி சும்மாதானே சார் நிக்குது, லைசென்ஸ் வந்ததும் போட்டுக்கலாம், இப்ப எதுக்கு வீணா?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைவிட மோசமான யோசனை இந்த விஷயத்தில் இல்லை. ஏன் என்று கீழே வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. இதைப் பற்றி இணையத்தில் தேடினால் வருவதில் பாதி அமெரிக்கக் கதை. அங்கே ஓட்டுபவரைப் பார்த்துத்தான் பிரீமியம், யார் யார் ஓட்டுவார்கள் என்று பெயர் பெயராகக் கேட்பார்கள், லைசென்ஸ் போனவர் என்றால் பல மாநிலங்களில் எஸ்.ஆர்.-22 என்று ஒரு சான்றை இன்சூரன்ஸ் கம்பெனியே அரசுக்கு அனுப்ப வேண்டும், கலிபோர்னியாவில் என்றால் பொதுவாக மூன்று வருடம் அதைத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும், கார் இல்லாதவருக்கும்கூட அதற்கென்று ஒரு பாலிசி உண்டு. பையன் டல்லாஸில் இருக்கிறான் என்றால் அவனுக்கு அனுப்பிவையுங்கள். நமக்கு அதில் எதுவும் பொருந்தாது.

இந்தியாவில் மோட்டார் பாலிசி வண்டிக்கு. வண்டி எந்த மாடல், எத்தனை சிசி, எத்தனை வருடம் பழசு, எந்த ஊரில் பதிவு, போன வருடம் கிளெய்ம் உண்டா, இவ்வளவுதான் கேள்வி. தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1000 சிசி வரையுள்ள காருக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. இதில் உங்கள் லைசென்ஸ் எங்கேயும் வரவில்லை. ஆர்.சி., பழைய பாலிசி, கேஒய்சி, போதும். 2023 ஜனவரியிலிருந்து கேஒய்சி கட்டாயம் என்பதால் அதற்கு பான் அல்லது ஆதார் கொடுத்துவிடுங்கள், சஸ்பெண்ட் ஆன லைசென்ஸை நீட்டி நாமே குழப்பத்தை வரவழைக்க வேண்டாம்.

சரி, பாலிசி போட்டாச்சு. அதை வைத்துக்கொண்டு மாமா "பக்கத்துக் கடைக்குத்தானே" என்று வண்டியை எடுத்தால்?

பாலிசி பிடிஎஃபைத் திறந்து பாருங்கள். ஐடிவி (வண்டிக்குப் போட்டிருக்கும் காப்பீட்டு மதிப்பு), பிரீமியம் கட்டங்களுக்கெல்லாம் கீழே பொடி எழுத்தில் ஓட்டுநர் பற்றி ஒரு பத்தி இருக்கும். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், பாலிசிதாரர் உட்பட, என்று தாராளமாகத்தான் ஆரம்பிக்கும். அடுத்த மூச்சிலேயே நிபந்தனை: ஓட்டுபவர் விபத்து நடந்த நேரத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும், லைசென்ஸ் வைத்திருக்கவோ வாங்கவோ தடை செய்யப்பட்டவராக இருக்கக் கூடாது. எல்லா கம்பெனி பாலிசியிலும் ஏறக்குறைய இதே வாசகம்தான். இந்த இரண்டாவது பகுதி நேராக சஸ்பெண்ட் ஆனவரைப் பார்த்துச் சொல்வது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 23-வது பிரிவும் தடை உத்தரவு இருக்கும் காலத்துக்கு அந்த லைசென்ஸ் செல்லாது என்கிறது. கார்டு பர்ஸில் இருக்கிறது, அதில் 2034 வரை என்று தேதி அச்சிட்டிருக்கிறது என்பதெல்லாம் வாதமே இல்லை.

ஆக, அந்த நேரத்தில் அவர் ஓட்டி கார் எதிலாவது மோதினால், சொந்த வண்டியின் சேதத்துக்கு ஒரு பைசா வராது. அது பரவாயில்லை, பம்பர் போனால் போகிறது. ஆள்மேல் மோதிவிட்டால்தான் வயிற்றைக் கலக்கும் விஷயம். தேர்ட் பார்ட்டி பாலிசியில் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு கிடையாது, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு. 2004-ல் சுவரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது என்னவென்றால், லைசென்ஸ் சரியில்லை என்பதைக் காட்டி கம்பெனி சும்மா நழுவ முடியாது, வண்டிக்காரர் தெரிந்தே மீறினார் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும்கூட, பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, பிறகு அதை வண்டிக்காரரிடமிருந்து வசூலித்துக்கொள்ளச் சொல்ல தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. அடிபட்டவர் குடும்பத்துக்கு இது நல்லது. நமக்கு? முப்பது லட்சம் என்று தீர்ப்பு வந்தால் கம்பெனி அதைக் கட்டிவிட்டு முப்பது லட்சத்துக்கும் நம் மேல் வரும். வீடு, நிலம், சம்பளம் எல்லாம் கணக்கில் வரும். தன் பேரில் வந்த சஸ்பெண்ட் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டியவர் "எனக்குத் தெரியாது" என்று எப்படிச் சொல்வார்?

போலீஸ் கணக்கு தனி. தடை இருக்கும்போது ஓட்டினால் 182-வது பிரிவில் பத்தாயிரம் ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை, இரண்டும்கூடப் போடலாம். கார் மனைவி பேரில் இருந்து, கணவருக்கு சஸ்பெண்ட் என்று தெரிந்தே சாவியைக் கொடுத்தால் வண்டிக்குச் சொந்தக்காரர் என்ற முறையில் மனைவிக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் உண்டு. இன்சூரன்ஸே இல்லாமல் ரோட்டுக்கு வந்தால் முதல் முறை இரண்டாயிரம், அடுத்தடுத்த முறை நாலாயிரம். தமிழ்நாட்டில் இந்த உயர்ந்த தொகைகள் 2022 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கின்றன.

நம் ஆட்களுக்கு உடனே தோன்றும் அடுத்த யோசனை, ஏதாவது ஆனால் "தம்பி ஓட்டினான்னு எழுதிக்கலாம்" என்பது. எழுதாதீர்கள். கிளெய்ம் ஃபார்மில் ஓட்டியவர் பெயர், லைசென்ஸ் எண் இரண்டும் கேட்பார்கள், சர்வேயருக்கு மேல் தனியாக விசாரணை ஆளையும் அனுப்புவார்கள், அவர் எஃப்.ஐ.ஆர்., மருத்துவமனைப் பதிவு, தெருமுனை சிசிடிவி எல்லாவற்றையும் பார்ப்பார். தம்பி அன்றைக்கு ஓசூர் ஆபீஸில் கைரேகை வைத்தது வெளியே வந்தால் கிளெய்மும் போகும், பொய்த் தகவல் கொடுத்ததற்கு வழக்கும் வரும், தம்பியும் மாட்டுவான்.

இப்போது அந்த ஏஜென்ட் யோசனைக்கு வருகிறேன். கார் சும்மா நிற்கிறது, இன்சூரன்ஸ் எதற்கு?

முதல் காரணம் நோ கிளெய்ம் போனஸ். கிளெய்மே போடாமல் வந்தால் சொந்த சேதப் பிரீமியத்தில் முதல் வருடம் 20 சதவீதம் தள்ளுபடி, அப்புறம் 25, 35, 45, ஐந்தாவது வருடம் 50. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்கவில்லை என்றால் சேர்த்தது அத்தனையும் போய் மறுபடி பூஜ்யம். சஸ்பெண்ட் மூன்று மாதம், போனஸ் காத்திருப்பது 90 நாள். சஸ்பெண்ட் தொடங்கிய வாரத்தில் பாலிசி முடிந்தவர் "லைசென்ஸ் வரட்டும்" என்று உட்கார்ந்திருந்தால், ஆர்.டி.ஓ. ஆபீஸில் கார்டைத் திரும்ப வாங்க நாலு நாள் இழுத்தாலே போனஸ் காலி. சொந்த சேதப் பிரீமியம் பதினாலாயிரம் என்று வையுங்கள், 50 சதவீதத்தில் ஏழாயிரம் கட்டிக்கொண்டிருந்தவர் பதினாலாயிரமும் கட்ட வேண்டும், ஜிஎஸ்டி தனி, மறுபடி 50-க்கு வர ஐந்து வருடம். அதுவும் போகட்டும், பாலிசி ஒருநாள் விட்டுப்போனாலும் கம்பெனி வண்டியை ஆய்வு செய்த பிறகுதான் திரும்ப முழுக் காப்பீடு கொடுக்கும், நாலு பக்கமும் சுற்றி வீடியோ எடுத்து அனுப்பு என்பார்கள், ஏற்கெனவே இருக்கும் கீறல் எல்லாம் அன்றோடு பதிவாகிவிடும்.

இரண்டாவது காரணம், நிற்கிற காருக்கும் ஆபத்து உண்டு. திருட்டு, தீ, மரம் விழுவது, வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மூழ்கிய கார்கள் பெரும்பாலும் யாரும் ஓட்டிக்கொண்டிருந்தவை அல்ல, வீட்டு வாசலிலும் அடுக்குமாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளத்திலும் நின்றவை. அதற்கு அடுத்த வருடம் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, சும்மாவா. நிறுத்தியிருந்த வண்டிக்கு நேரும் சேதத்தில் ஓட்டுநரே இல்லை, அதனால் உங்கள் லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனது அந்த கிளெய்முக்குத் தடை இல்லை. பாலிசி உயிரோடு இருந்தால் போதும். லோன் கார் என்றால் முழுக் காப்பீட்டைத் தொடர்ந்து வைத்திருப்பதாக பேங்க்குக்கும் கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கியிருக்கிறோம்.

வண்டி உண்மையிலேயே மாதக்கணக்கில் நிற்கும் என்றால், ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பப் பிரீமியம் வாங்கும் பாலிசிகளை 2022 ஜூலையிலிருந்து இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அனுமதித்திருக்கிறது, அதை விசாரித்துப் பார்க்கலாம். குறைவது சொந்த சேதப் பகுதியில்தான், தேர்ட் பார்ட்டியில் இல்லை.

காரை மனைவி பேருக்கு மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் மாமாவுக்கு ஒருவர் சொன்னார். மூன்று மாதத்துக்காக யாராவது ஆர்.சி. மாற்றுவார்களா? நோ கிளெய்ம் போனஸ் ஆளுக்குச் சொந்தமே தவிர காருக்கு அல்ல, ஆகவே அது அக்காவுக்கு வராது. தேவையும் இல்லை, அக்காவிடம் லைசென்ஸ் இருக்கிறது, மாமா பேரில் இருக்கும் பாலிசியிலேயே அக்கா தாராளமாக ஓட்டலாம். பெயர் சேர்க்க வேண்டியதில்லை, யாருக்கும் தகவல் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் ஓட்ட யாரும் இல்லை என்றால் ஆக்டிங் டிரைவர். கூப்பிடும்போது "லைசென்ஸ் இருக்கா" என்று வாயால் கேட்டு விட்டுவிடாதீர்கள், அவர் போனில் டிஜிலாக்கரையோ எம்பரிவாகனையோ திறந்து காட்டச் சொல்லுங்கள், கார் ஓட்டுவதற்கு உரிய வகை இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று ஒரு பார்வை, ஒரு போட்டோ. வண்டிக்காரர் நியாயமான கவனம் எடுத்தாரா என்பதுதான் நாளைக்குக் கேள்வி, அந்த போட்டோ அதற்குப் பதில். சம்பள டிரைவர் வைப்பதாக இருந்தால் பாலிசியில் பெய்டு டிரைவர் பொறுப்பு என்று ஒரு வரி உண்டு, வழக்கமான பிரீமியம் ஐம்பது ரூபாய். டீ செலவு. சேர்த்துவிடுங்கள்.

இனி பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் டிக் அடித்துவிட்டுப் போகும் கட்டம். ஆன்லைனில் புதுப்பிக்கும்போது வண்டி உரிமையாளருக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கிறதா என்று ஒரு கேள்வி வரும். அது கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்காக, எல்லோரும் சிபிஏ என்பார்கள். உரிமையாளரே ஓட்டிப் போய் விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமடைந்தாலோ 15 லட்சம். 2018-ல் ஐஆர்டிஏஐ இந்தத் தொகையை உயர்த்தியது, 2019 ஜனவரியிலிருந்து கார் பாலிசியோடு சேர்க்காமல் தனியாகவும் வாங்கலாம். லைசென்ஸ் இல்லாத உரிமையாளருக்கு இது கட்டாயம் இல்லை. அப்படியானால் சஸ்பெண்ட் காலத்தில் புதுப்பிப்பவர் "இல்லை" என்றுதான் சொல்ல வேண்டும், அந்தப் பிரீமியமும் குறையும்.

"இருக்கு" என்று டிக் அடித்தால் என்ன, கார்டு இருக்கிறதே என்றார் மாமா. ஒன்றும் ஆகாது, சில நூறு ரூபாய் தண்டம், அவ்வளவுதான் என்று நினைப்போம். ஆனால் எழுத்தில் ஒரு பொய்யைக் கொடுத்திருக்கிறோம், வேறொரு கிளெய்ம் வரும்போது அதை யார் எப்படிப் பிடித்து இழுப்பார்கள் என்று சொல்ல முடியாது. கொடுத்த காசுக்குப் பாதுகாப்பும் கிடையாது. அக்கா ஓட்ட, மாமா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிறார், விபத்து. அப்போதும் சிபிஏ அவருக்குப் பணம் தராது, ஏனென்றால் விபத்து நேரத்தில் உரிமையாளரிடம் செல்லும் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான விபத்துக் காப்பீடு எடுத்திருந்தாலும் அதில் பாலிசிதாரர் சேர மாட்டார், மற்றவர்களுக்கு மட்டும்தான். காரில் இருக்கும் நாலு பேரில் காருக்குப் பணம் கட்டிய மனிதர் மட்டும் வெளியே நிற்கிறார். இந்த இடைவெளியை அடைக்க வழி, காரோடு சம்பந்தமில்லாத சாதாரண தனிநபர் விபத்து பாலிசி ஒன்று. பஸ்ஸில் போனாலும் அது உதவும். என் கருத்தில் எல்லோரிடமும் எப்போதும் இருக்க வேண்டியது அதுதான், ஆனால் அதை விற்க ஏஜென்ட்டுகளுக்கு ஏனோ அவ்வளவு ஆர்வம் இல்லை.

சஸ்பெண்ட் உத்தரவே தவறு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லைசென்ஸை போலீஸ் வாங்கி அனுப்பலாம், சஸ்பெண்ட் செய்வது அவர்கள் வேலை அல்ல. 19-வது பிரிவின்படி ஆர்.டி.ஓ.தான் செய்ய வேண்டும், அதுவும் உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகு. உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நோட்டீஸுக்குப் பதிலே போடாமல் இருந்துவிட்டு அப்புறம் புலம்புவதில் பிரயோஜனம் இல்லை. வேறு ஊர் முகவரியில் புது லைசென்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்று சில ஓட்டுநர் பள்ளி ஆட்கள் கிசுகிசுப்பார்கள், அதைக் காதிலேயே வாங்காதீர்கள். லைசென்ஸுக்கான அரசு இணையதளமான சாரதியில் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது, மறைத்து விண்ணப்பிப்பதும் அதே 182-வது பிரிவுக் குற்றம்.

மூன்று மாதம் முடிந்த அன்று காலையிலேயே சாவியைத் தூக்கிக்கொண்டு கிளம்பவும் வேண்டாம். 2019 திருத்தத்தில், ஒப்படைத்த லைசென்ஸ் ஓட்டுநர் மறுபயிற்சி வகுப்பை முடித்த பிறகு திரும்பத் தரப்படும் என்று சேர்த்திருக்கிறார்கள், உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்ன கேட்கிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கார்டு கைக்கு வந்ததும் சாரதி தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள், ஏனென்றால் கிளெய்ம் விசாரிப்பவர் பார்க்கப்போவது உங்கள் பர்ஸை அல்ல, அந்தப் பக்கத்தைத்தான். அங்கே இன்னும் சஸ்பெண்ட் என்று காட்டினால் திரும்ப ஆபீஸுக்குப் போய் மாற்றச் சொல்லி, மாறிய பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் விட்டுப்போன சிபிஏ. அதற்காகக் கார் பாலிசியைத் தொட வேண்டியதில்லை, தனியாகவே வாங்கலாம், ஓட்ட ஆரம்பிக்கும் முன்பே வாங்குங்கள். வீட்டில் உங்கள் பேரிலேயே பைக்கும் இருந்தால் இரண்டுக்கும் இரண்டு எடுக்க வேண்டாம், ஆளுக்கு ஒரு சிபிஏ போதும். ஏற்கெனவே 15 லட்சத்துக்குக் குறையாத தனிநபர் விபத்து பாலிசி வைத்திருப்பவருக்கு அதுவும் கட்டாயமில்லை, புதுப்பிக்கும்போது அந்த விவரத்தைக் கொடுத்தால் சரி.